ஏற்காட்டில் தொட்டி உருளைக்கிழங்கு: விதை முதலில், பை அப்புறம்

கார்த்திகை தீபம் முடிந்த கையோடு வருஷா வருஷம் எனக்கு ஒரு கேள்வி வந்துவிடும். “அக்கா, உருளைக்கு எந்த பேக் வாங்கட்டும்?” சேலம் அஸ்தம்பட்டியில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் சித்தி மகள் கேட்பாள். இங்கே ஏற்காடு செம்மடுவில் எங்கள் வீட்டுக்கு மேலே புதிதாகக் குடிவந்திருக்கும் தம்பியும் போன வாரம் அதையேதான் கேட்டார்.

இருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். பையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். விதைக்கிழங்கு எங்கிருந்து வருகிறது, எந்த மாதம் மண்ணுக்குள் போகிறது, இந்த இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள். பை தப்பாகிப் போனால் அரைக் கிலோ கிழங்கு குறையும், அவ்வளவுதான். விதை தப்பாகிப் போனால் தோட்டத்து மண்ணே கெட்டுப்போகும்.

சேலத்தில் கிழங்கு என்று பொதுவாகச் சொன்னால் மரவள்ளிதான் ஞாபகத்துக்கு வரும். ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும் குச்சிக்கிழங்கு அது. அது வெயில் பயிர். உருளை நேர் எதிர். இரவு குளிர்ந்தால்தான் அது மண்ணுக்குள் கிழங்கு பிடிக்கும். சேலம் டவுன் 300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததும் உடம்பில் தெரிகிற அந்தக் குளிர்தான் இந்தப் பயிருக்கு முதல் உரம்.

தோட்டம் இருக்கும்போது தொட்டி எதற்கு என்று கேட்கலாம். எங்கள் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழல் விழாத இடம் குறைவு. வெயில் விழும் துண்டு நிலத்தில் போட்டால் முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் முன்னால் வந்துவிடும். இரண்டாம் வருஷம் வேலியோரம் நாற்பது செடி வைத்தேன். ஒரே ராத்திரியில் பாத்தி முழுவதும் புரண்டு கிடந்தது. காட்டெருமை வந்து நின்றுவிட்டால் விரட்டவும் முடியாது. தொட்டியை வாசல் திண்ணையோரம் வைத்துக்கொள்ளலாம். மழை பிடித்தால் ஓட்டுக்கு அடியில் இழுத்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலே, தொட்டியில் இருக்கும் மண் தொட்டியோடு நிற்கும். அது ஏன் முக்கியம் என்பது விதையைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

விதை எங்கிருந்து

மூன்று வழி இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து மலைக்கிழங்கு ஒன்று. கடையில் சமையலுக்கு வாங்கும் கிழங்கு இன்னொன்று. வடக்கிலிருந்து வரும் சான்று பெற்ற விதைக்கிழங்கு மூன்றாவது.

மலைக்கிழங்குதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அங்கேயும் மலை, இங்கேயும் மலை, ஒத்துப்போகும் என்று நினைப்போம். நானும் முதல் வருஷம் அப்படித்தான் நினைத்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த உறவுக்காரர் செம்மண் அப்பிய கிழங்கு ஐந்து கிலோ கொண்டுவந்து கொடுத்தார். அதை நடலாம் என்று கழுவ உட்கார்ந்தபோது, பக்கத்து எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் பார்த்துவிட்டார். அவர் நீலகிரியில் பல வருஷம் வேலை பார்த்தவர். “அந்தத் தண்ணியத் தோட்டத்துல ஊத்திடாதீங்க கண்ணு” என்றுதான் முதலில் சொன்னார்.

விஷயம் இதுதான். நீலகிரியில் 1961-இல் உருளைக்கிழங்கின் முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். தங்க நூற்புழு என்றும் சொல்வார்கள். பெண் புழு வேரில் ஒட்டிக்கொண்டு, ரவையைவிடச் சின்ன உருண்டையாக வீங்கும். முதலில் வெள்ளை, அப்புறம் தங்க மஞ்சள், செத்ததும் பழுப்பு. அந்தப் பழுப்பு உருண்டையின் தோலுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். உருளை போடாமல் விட்டால்கூட இருபது வருஷத்துக்கு மேல் மண்ணில் உயிரோடு கிடக்கும். ஒரு தலைமுறை காத்திருந்தாலும் அந்த மண் சுத்தமாகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அது புழுவாக ஊர்ந்து ஊர் தாண்டுவதில்லை. கிழங்கில் ஒட்டிய மண், சாக்கு, மண்வெட்டி, செருப்பு இவற்றில் ஒட்டிக்கொண்டுதான் போகிறது. அதனால்தான் நீலகிரிக் கிழங்கை விதைக்காக வெளியே கொண்டுபோகத் தடை போட்டார்கள். 2018-இல் இமாச்சல், உத்தராகண்ட், காஷ்மீர் பக்கத்து விதைக்கிழங்குக்கும் இதே காரணத்துக்காகக் கட்டுப்பாடு வந்தது.

ஏற்காடு இருக்கும் நம் சேர்வராயன் மலையில் உருளை பெரிய பயிர் இல்லை. ஆனால் வாசலில் நான்கு பை, கொல்லையில் ஒரு பாத்தி என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தக்காளிக்கும் கத்திரிக்கும் கூட இந்தப் புழு போகும். அதனால் ஊட்டிக் கிழங்கை வாங்கி மசாலா செய்யுங்கள், வறுவல் செய்யுங்கள், ருசி நன்றாகவே இருக்கும். விதையாக மட்டும் இந்த மலையில் நட வேண்டாம். கழுவிய தண்ணீரையும் தோட்டத்தில் ஊற்றாமல் சாக்கடைக்குப் போகிற இடத்தில் ஊற்றுங்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே இல்லை.

அடுத்தது சமையலறைக் கிழங்கு. சேலம் கடைகளுக்கு வருவதில் பெரும்பங்கு வடமாநில சமவெளிக் கிழங்கு. மண் உதிர்ந்து சுத்தமாக இருக்கும். மலிவு, எப்போதும் கிடைக்கும். ஆனால் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, என்ன ரகம் என்று தெரியாது, நச்சுயிரி (வைரஸ்) நோய் உள்ளே இருந்தாலும் வெளியே தெரியாது. இன்னொன்று, குளிர்பதனக் கிடங்கில் முளைக்காமல் இருக்க மருந்து ஏற்றிய கிழங்கு ஒரு மாதம் வைத்தாலும் கண் திறக்காது. முளைக்காத கிழங்குக்காகக் காத்திருந்து மாதத்தை விட்டுவிடுவோம்.

இதில் பருவமும் சேர்ந்துகொள்கிறது. வடக்கே சமவெளியில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில்தான் முக்கிய அறுவடை. பறித்த கிழங்கு ஆறிலிருந்து பத்து வாரம் வரை தூங்கும், என்ன செய்தாலும் சீக்கிரம் முளைக்காது. அதனால் மாசி, பங்குனியில் கடையில் வாங்கும் கிழங்கு புதுசு. கட்டை விரலால் தேய்த்தாலே தோல் உரியும். அது விதைக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் கிடைக்கும் கிழங்கு மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்து வெளியே வந்தது. தூக்கம் எப்போதோ கலைந்துவிட்டது. மருந்து ஏற்றாததாக இருந்தால் பத்தே நாளில் கண்ணில் புள்ளி வைக்கும்.

கடைக்கிழங்கை விதைக்கு எடுத்தால் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். அதே குவியலிலிருந்து இரண்டு மூன்றை எடுத்துக் குறுக்கே வெட்டுங்கள். தோலுக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு வளையம் தெரியும். அது வெளேரென்று இருந்தால் சரி. பழுப்பாக இருந்து, இரண்டு பக்கமும் அழுத்தும்போது பாலைப்போல, சீழைப்போல ஒரு சொட்டு கசிந்தால் பாக்டீரியா வாடல் நோய் இருக்கிறது. அந்தக் குவியலையே விட்டுவிடுங்கள். என் அனுபவத்தில் ஒரே ஒரு தடவை அப்படிக் கசிந்து பார்த்திருக்கிறேன். வெட்டிய கத்தியை வெந்நீரில் போட்டுக் கழுவிவிட்டு வேறு கடைக்குப் போனேன்.

மூன்றாவது, சான்று விதை. பஞ்சாப் சமவெளியிலிருந்து வருவது இதில் அதிகம். அங்கே ஏன் விதை நன்றாக வருகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. நச்சுயிரியைச் செடிக்குச் செடி பரப்புவது அசுவினிப் பூச்சி. அக்டோபரில் நட்டு, அசுவினி பெருகுவதற்கு முன்னால் ஜனவரித் தொடக்கத்திலேயே தழையை வெட்டிவிட்டால் கிழங்குக்குள் நோய் இறங்காது. சிம்லாவில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தில் புஷ்கர்நாத் என்ற விஞ்ஞானி வகுத்த முறை இது. அதற்கு முன்பு நல்ல விதை வேண்டுமென்றால் மலைக்குத்தான் போக வேண்டும்.

சான்று விதையில் உள்ள சங்கடம் அளவு. ஐம்பது கிலோ மூட்டையாக வரும், ஒரு வீட்டுக்கு மூன்று கிலோ போதும். ஓசூர், தாளவாடி பக்கம் உருளை போடும் உறவு இருந்தால் அவர்கள் வாங்கும் மூட்டையில் ஐந்து கிலோ கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து ஒரு மூட்டை எடுக்கலாம். குஃப்ரி ஜோதி கிடைத்தால் அதையே எடுங்கள். 1968-இல் வெளிவந்த பழைய ரகம், இலைக்கருகல் நோயைத் தாங்கும் சக்தி முன்பு மாதிரி இல்லைதான். இருந்தாலும் மலைக்குளிருக்கு நன்றாகப் பழகியது.

என் முடிவு: முதல் வருஷம் கை பழக, சோதித்துப் பார்த்த கடைக்கிழங்கு போதும். அடுத்த வருஷமும் போடப் போகிறீர்கள் என்றால் சான்று விதைக்குப் போங்கள். கடைக்கிழங்கில் பையொன்றுக்கு எனக்குக் கிடைத்தது ஒன்றரைக் கிலோவை ஒட்டி. அதே பை, அதே மண், அதே மாதம், சான்று விதையில் இரண்டேகால் கிலோ வரை வந்தது. சொந்தமாகப் பறித்த கிழங்கையே திரும்பத் திரும்ப விதையாக்குவது எனக்கு உடன்பாடில்லை. சித்திரையில் பறித்ததை மார்கழி வரை குளிர்பதனம் இல்லாமல் வைத்தால் சுருங்கிப்போகும், அந்துப்பூச்சி துளைக்கும், நச்சுயிரியும் வருஷத்துக்கு வருஷம் சேரும்.

எந்த மாதம்

குளிர்நாடுகளில் இருப்பவர்களின் குறிப்புகளைப் படித்துவிட்டு நட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கெடு வைப்பது உறைபனி. கடைசி உறைபனி எப்போது முடியும் என்று பார்த்து, அதற்கு நாலைந்து வாரம் முன்னால் வீட்டுக்குள் கிழங்கை முளைக்க வைப்பார்கள். ஏற்காட்டில் நமக்குக் கெடு வைப்பது பனிமூட்டமும் மழையும்தான். மேகம் இறங்கி இலை நாள் முழுக்க நனைந்தே இருந்தால் இலைக்கருகல் நோய் வரும். 1845-இல் அயர்லாந்தில் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய். குளிர், ஈரம் இரண்டும் சேர்ந்தால் போதும், ஒரு வாரத்தில் பச்சைச் செடி வெந்நீர் ஊற்றினது மாதிரி ஆகிவிடும்.

நீலகிரியில் மூன்று பட்டமும் போடுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் பாய்ச்சி ஒன்று. மழையை நம்பி ஏப்ரல், மேயில் ஒன்று. ஆகஸ்ட், செப்டம்பரில் ஒன்று. நான் மூன்றையும் திண்ணையில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆவணிப் பட்டம் எனக்குக் கைகொடுக்கவே இல்லை. செடி எழும்பும்போது வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. பைகளை ஓட்டுக்கு அடியில் இழுத்து வைத்தும் பனிமூட்டம் திண்ணைக்குள் வந்துவிட்டது. ஐப்பசியில் ஒரு நாள் காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தேன். கறுத்த திட்டின் ஓரத்தில், அடிப்பக்கம், மாவு தூவினது மாதிரி மெல்லிய வெள்ளைப் பூஞ்சை. மத்தியானம் வெயில் வந்ததும் அந்த வெள்ளை மறைந்துவிட்டது. அதனால் பார்ப்பதானால் காலையில்தான் பார்க்க வேண்டும். ஐந்தாவது நாள் பன்னிரண்டு பையும் போய்விட்டது.

சித்திரைப் பட்டம் பாதிக்குப் பாதி. கோடை மழை கிடைக்கும், தண்ணீர் சுமக்கும் வேலை குறையும். ஆனால் கிழங்கு பருக்கிற ஆடி மாதத்தில் மேகம் இறங்க ஆரம்பிக்கும். போர்டோ கலவையைக் கையில் வைத்திருந்தால் சமாளிக்கலாம். காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை, இலைத்துரு நோய்க்கு அடிப்பதுதான். உருளைக்கு ஒரு சதவீதம்: பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), நூறு கிராம் சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும். கலக்கிய பிறகு பளபளவென்று தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கிப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இலை கருகும். செம்பு படிவது நிற்கும் வரைக்கும் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே அடித்துவிட வேண்டும்.

மார்கழிக் கடைசி, தை முதல் வாரம். இதுதான் என் பட்டம். மழை ஓய்ந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், இரவு நல்ல குளிர். செடி வளர்ந்து கிழங்கு பிடிக்கும் மாசி மாதத்தில் பகலில் வெயிலும் இரவில் குளிரும் இருக்கும். உருளை கேட்பது அதைத்தான். சித்திரைக் கோடை மழை வலுப்பதற்குள் பறித்துவிடலாம். குறை ஒன்றுதான், தண்ணீர். மாசிக்குப் பிறகு எங்கள் கிணறு இறங்கிவிடும். பன்னிரண்டு பைக்கு மேல் வைத்தால் வீட்டுக்கே தட்டுப்பாடு வரும். அதனால் தண்ணீரைப் பார்த்துப் பையை எண்ணுங்கள்.

முளைக்க வைப்பதா, அப்படியே நடுவதா

தைப் பட்டத்துக்கு முளைக்க வைத்து நடுவதே நல்லது என்பேன். முளைவிட்ட கிழங்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் தலை காட்டுகிறது. முன்னால் எழுந்த செடி கோடை மழைக்கு முன்னால் முடிந்துவிடும். சித்திரையில் நடுபவர்களுக்கும் முளைவிட்டது நல்லதுதான், ஏனென்றால் ஈர மண்ணில் தூங்கிக்கொண்டே கிடக்கும் கிழங்கு அழுகும்.

எப்படி முளைக்க வைப்பது என்பதில்தான் பெரிய வித்தியாசம். என் மாமியார் கட்டிலுக்கு அடியில் சாக்கு போட்டு இருட்டில் பரப்புவார். மூன்று வாரத்தில் விரல் நீளத்துக்கு வெள்ளை வெள்ளையாகக் கம்பி மாதிரி முளை நீண்டிருக்கும். எடுத்து வைக்கும்போதே பாதி ஒடிந்துவிடும். கிழங்கும் வற்றிப் போயிருக்கும். இருட்டில் வெளிச்சத்தைத் தேடி நீள்கிற முளை அது.

நான் நாமக்கல் முட்டை வரும் அட்டைத் தட்டைக் கடையில் கேட்டு வாங்கிவந்து, குழிக்கு ஒன்றாகக் கிழங்கை நிறுத்தி வைப்பேன். கண்கள் நெருக்கமாக இருக்கும் முனை மேலே. தட்டை வடக்குப் பார்த்த ஜன்னலோரம் வைத்தால் நேர் வெயில் படாது, வெளிச்சம் நாள் முழுக்க இருக்கும். கார்த்திகைக் கடைசியில் வைத்தால் மார்கழி முடிவதற்குள் தயார். முளை குட்டையாக, அரை அங்குலம் முக்கால் அங்குலத்துக்குள், அடியில் ஊதாவும் நுனியில் பச்சையுமாகத் தடித்து நிற்கும். உற்றுப் பார்த்தால் அடியைச் சுற்றிச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அவைதான் வேர் கிளம்பப்போகிற இடங்கள். விரலால் தட்டினாலும் உதிராது. கிழங்கின் தோல் பச்சையாக மாறும், விதைக்கு அதனால் கெடுதல் இல்லை. சமையலுக்கு மட்டும் அதை எடுக்கக் கூடாது.

சில கிழங்கில் உச்சியில் ஒரே ஒரு முளை மட்டும் வந்து மற்ற கண்கள் மூடியே இருக்கும். அந்த ஒன்றைக் கிள்ளிவிட்டால் மற்றவை திறக்கும். பைக்குள் வைக்கும் கிழங்குக்கு மூன்று நான்கு முளை போதும். அதற்கு மேல் இருந்தால் கிழங்கு எண்ணிக்கையில் கூடும், கோலிக்குண்டு அளவிலேயே நின்றுவிடும்.

வெட்டி நடுவதா, முழுசாக நடுவதா என்பதும் உண்டு. கோழிமுட்டை அளவில், நாற்பது ஐம்பது கிராமுக்கு, முழுக்கிழங்கு கிடைத்தால் வெட்டவே வேண்டாம். பெரிய கிழங்காக இருந்தால் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கண்ணாவது வரும்படி வெட்டி, வெட்டுவாய் காய்ந்து தோல் மாதிரி ஆகும்வரை இரண்டு மூன்று நாள் நிழலில் வையுங்கள். தைப் பட்டத்தில் இது சரிவரும். மழைப் பட்டத்தில் வெட்டிய கிழங்கு நான் வைத்தவற்றில் பாதிக்கு மேல் அழுகியது.

இனி பை

இவ்வளவும் முடிவான பிறகுதான் பை. உருளைக்கு ஓரடி ஆழமாவது மண் வேண்டும், கிழங்கொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் இடம் வேண்டும். இதை வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஒன்றேகால் அடி அகலம், அதே உயரம் உள்ள குரோ பேக் சுமார் நாற்பது லிட்டர் பிடிக்கும். மூன்று கிழங்கு வைக்கலாம். நான் அதிகம் வைப்பது இதுதான். கைப்பிடி வைத்துத் தைத்ததாகப் பாருங்கள், நனைந்த மண்ணோடு இழுக்கும்போது தெரியும். இருபது லிட்டர் பெயின்ட் வாளி இரண்டு கிழங்குக்குச் சரி. நன்றாகக் கழுவி, அடியில் ஏழெட்டு ஓட்டை, பக்கவாட்டில் அடியை ஒட்டி நான்கு ஓட்டை போட வேண்டும். வாளியில் ஈரம் நிற்கும், அதனால் தண்ணீர் குறைந்த வீட்டுக்கு வாளிதான் நல்லது. என் வாளிகளில் ஒரு கிலோவைத் தாண்டியது அபூர்வம், ஆனால் மாசியில் ஒரு நாள் தண்ணீர் விடத் தவறினாலும் செடி தலை தொங்கவில்லை.

அரிசிச் சாக்கும் சிமென்ட் சாக்கும் செலவில்லாதவை. வாயை வெளிப்புறமாகச் சுருட்டி, பாதி மண் போட்டு நட்டு, செடி வளர வளரச் சுருளை அவிழ்த்து மண் ஏற்றலாம். அந்த வசதி வேறு எதிலும் இல்லை. ஆனால் வெயிலில் நான்கு மாதம் நின்ற பிளாஸ்டிக் சாக்கு பொடிப்பொடியாக உதிரும், அந்த இழைகள் மண்ணோடு கலந்துவிடும். காப்பித் தோட்டத்து மண்ணில் அதைக் கலக்க எனக்கு மனசு வருவதில்லை. ஒரு பட்டத்தோடு நிறுத்திவிட்டேன். சணல் சாக்கு காற்றோட்டமாக இருக்கும், மண்ணோடு மக்கும். தைப் பட்டத்தில் ஆனால் காலையில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். பழைய டயர் வேண்டாம், இடுக்கில் தண்ணீர் தேங்கிக் கொசு வரும். தக்காளி கிரேட் கிடைத்தால் உள்ளே சணல் சாக்கு விரித்துப் பயன்படுத்தலாம், நன்றாகவே வந்தது.

பெரிய டிரம்மில் அடுக்கடுக்காக மண் ஏற்றினால் அடிமுதல் நுனிவரை கிழங்கு பிடிக்கும் என்று சொல்வதை நம்பி ஒரு வருஷம் இருநூறு லிட்டர் டிரம் வைத்தேன். கவிழ்த்துப் பார்த்தபோது விதைக்கிழங்குக்கு மேலே முக்கால் அடிக்குள்தான் கிழங்கு இருந்தது. அதற்கு மேலே வெறும் தண்டும் வேரும். நம் கைக்குக் கிடைக்கும் ரகங்கள் அப்படித்தான். செடி அரையடி முக்கால் அடி வளர்ந்ததும் ஒரு தடவை, மூன்று வாரம் கழித்து ஒரு தடவை மண் அணைத்தால் போதும். வெளிச்சம் பட்டுக் கிழங்கு பச்சையாகிக் கசந்துபோகாமல் காப்பதுதான் மண் அணைப்பின் முதல் வேலை.

மண் கலவைக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துச் செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, கழுவிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. பச்சைச் சாணம் போடக் கூடாது. நம் மலை மண் புளிப்பு மண், உருளைக்கு அது பிடிக்கும். அடுப்புச் சாம்பலைப் பொட்டாஷ் என்று நினைத்து அள்ளிப் போட்டால் புளிப்பு குறைந்து கிழங்குத் தோலில் சொறி வரும். ஒரு பைக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். தண்ணீரை ஒரே சீராக விடுங்கள். காயப்போட்டுவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் கிழங்கு வெடிக்கும்.

சேலத்து மாடிக்கு

சித்தி மகளுக்கு நான் நேராகவே சொல்லிவிட்டேன். அஸ்தம்பட்டி மாடியில் உருளை வளரும், செடி செழிப்பாகவே வரும், கிழங்குதான் குறைவு. இரவு இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது மார்கழி, தையில் சில வாரம்தான். போடுவதென்றால் ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகை முதல் வாரத்திலோ நட்டுவிட வேண்டும். அப்போதுதான் கிழங்கு பிடிக்கும் சமயம் மார்கழிக் குளிரோடு சேரும். கறுப்புப் பை வேண்டாம், மத்தியான வெயிலில் மண் சூடேறும். வெள்ளைப் பையை ஒன்றோடு ஒன்று ஒட்டி, மேற்கு வெயில் படாத சுவரோரம் வையுங்கள். முளைக்க வைப்பதும் வீட்டுக்குள் குளிர்ச்சியான அறையில் இருக்கட்டும். பையொன்றுக்கு அரைக் கிலோ வந்தால் சந்தோஷப்படலாம். அதே இடத்தில் சேப்பங்கிழங்கோ கருணையோ வைத்தால் இதைவிடப் பல மடங்கு கிடைக்கும். குழந்தைகளுக்கு மண்ணிலிருந்து உருளை எடுப்பதைக் காட்ட வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். அதற்கு இரண்டு பை தாராளம்.

இலை மஞ்சளாகிச் சாய்ந்ததும் தழையை அறுத்துவிட்டு, தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் கழித்துப் பையைக் கவிழுங்கள். தோல் கெட்டிப்படும், தேய்த்தாலும் உரியாது. ஈரமாக இருக்கும்போது கவிழ்த்தால் கிழங்கு நாள்பட நிற்காது.

கவிழ்த்த மண்ணைத் தக்காளி, கத்திரி, மிளகாய்க்குப் போட வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம், நோயும் ஒன்று. காப்பிச் செடி அடியிலும் நான் கொட்டுவதில்லை. பையிலேயே வைத்து அதில் பீன்ஸ் ஊன்றிவிடுவேன். சித்திரை மழைக்கு அது தானாகவே ஏறிக்கொள்ளும். மூன்று வருஷம் கழித்துத்தான் அந்தப் பைக்கு மறுபடி உருளை. எந்தப் பையில் எந்த வருஷம் போட்டேன் என்பதைப் பெயின்ட்டால் பை மேலேயே எழுதி வைத்திருக்கிறேன்.